துளைத்தகடும் செதுக்குபலகையும்: ஊவாத் தோட்டப்புற மாணவரும் அச்சோவியக் கல்வியின் மொழியும்

ஓவியத்துக்கு மொழியில்லை என்பது நம்மிடையே ஆராயாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்ட கூற்றுக்களுள் ஒன்றாகும். கவிதைக்கும் நாடகத்துக்கும் மொழி வேலியாக நிற்கின்றது என்றும், கோடும் வண்ணமும் அவ்வேலியைத் தாண்டி எவரையும் எட்டுகின்றன என்றும் கலைவிழா மேடைகளிலே கூறப்படுவதுண்டு. ஓவியத்தைப் பார்ப்பவனைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மையிருக்கலாம். கற்பவனைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் பொய்யேயாகும். அதிலும் அச்சோவியம் என்னும் துறையிலே ஒவ்வொரு படியும் ஒரு செய்முறையாகவும், ஒவ்வொரு செய்முறையும் ஒரு வாக்கியமாகவும் அமைந்திருப்பதனால், அது எம்மொழியிற் கற்பிக்கப்படுகின்றது என்னும் வினாவைத் தட்டிக்கழித்துவிட இயலாது. பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாப் பெருந்தோட்டங்களையும் பிறப்பிடமாகக் கொண்ட தமிழ் மாணவர் இத்துறைக்குட் காலடி எடுத்துவைக்கும்போது இவ்வினா தனியொரு கூர்மையைப் பெறுகின்றது.

முதலிற் பெயரைப் பற்றியே சிறிது கூறவேண்டும். 'அச்சு' என்னும் சொல் தமிழிலே மிகப் பரந்த வழக்குடையது. வண்டியின் அச்சு, தறியின் அச்சு, வெல்லம் வார்க்கும் அச்சு, சித்திரைப் புத்தாண்டுக்குப் பலகாரம் சுடும் அச்சு, அச்சுக்கூடத்து ஈய எழுத்து ஆகிய யாவும் அதனுள் அடங்கும். இவற்றுட் பல ஒன்றைப்போல் மற்றொன்றைத் தரும் கருவிகள். 'அச்சு அசல்' என்னும் வழக்கும் அக்கருத்தையே தாங்கி நிற்கின்றது. ஆகவே அச்சோவியம் என்றதும், எங்கோ இருக்கும் மூல ஓவியம் ஒன்றின் படி என்றே நம்மவர் விளங்கிக்கொள்கின்றனர். உண்மையில் அச்சோவியத்திலே தாளுக்கு முந்திய மூலம் கிடையாது. பலகை ஒரு கருவி மாத்திரமே. கலைஞன் தானே வரைந்து, தானே செதுக்கி, தானே மையேற்றி ஒற்றியெடுக்கும் ஒவ்வொரு தாளும் மூலமேயாகும். இவ்வேறுபாடு விளங்காதவரை அச்சோவியம் நமது கலை விமரிசனத்திலே ஓவியத்தின் ஏழைத் தம்பியாகவே இருந்துவரும்.

முறைகளை இங்கு விரித்துரைத்தல் வேண்டியதில்லை. மேடான பகுதி மை ஏற்றுப் பதிவது மரவெட்டும் லினோவெட்டும். அமிலம் அரித்த பள்ளத்திலே தங்கிய மை பதிவது உலோகத்தகட்டு முறை. எண்ணெய்ப்பசையும் நீரும் ஒன்றையொன்று விலக்கும் இயல்பைப் பயன்கொள்வது 1796 அளவில் அலோய்ஸ் செனபெல்டர் கண்டறிந்த கல்லச்சு. வெட்டிய துளைவழியே மை இறங்குவது ஸ்டென்சிலும் அதன் வழிவந்த பட்டுத்திரை அச்சும்.

பதுளையிலே 2005ஆம் ஆண்டில் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தேயிலைத் தொழினுட்பம் அங்கே உயர்கல்விக்குரிய பாடமாயிற்று. கவின்கலைக்கு அங்கே பீடமில்லை. ஓவியத்தைப் பட்டப்படிப்பாகப் பயில விரும்பும் தோட்டப்புற மாணவர் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ செல்லவேண்டியவராகின்றார். முன்னைய இரண்டிடங்களிலும் பேச்சு தமிழாயினும் தொழினுட்ப நூல்கள் ஆங்கிலத்தனவே. கொழும்பிலோ பட்டறையின் பேச்சு பெரிதும் சிங்களம். நூலின் மொழி ஆங்கிலம். மாணவரின் சிந்தனை தமிழ். ஒரு பலகையைச் செதுக்க மூன்று மொழிகள் தேவைப்படுகின்றன.

பதுளைத் தமிழருக்குச் சிங்களம் அந்நிய மொழியன்று. சந்தையிலும் பஸ்ஸிலும் அயலிலும் பழகிய மொழியே. இப்பழக்கமே பட்டறையில் ஒரு மயக்கத்தை உண்டாக்குகின்றது. சிங்களத்திலே 'தீந்த' என்பது நமது தீந்தையேயாம். இரண்டும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற ஒரே சொல்லின் பிள்ளைகள். 'கடதாசி' இருமொழிக்கும் பொது. 'முத்ரண' என்று கேட்டதும் தபால் முத்திரை நினைவுக்கு வந்தால் அதிலும் பெரும் பிழையில்லை. அமிலம் அங்கே 'அம்லய' ஆகின்றது. பெயர்ச்சொற்கள் இவ்வாறு கைகொடுப்பதனால், தான் விளங்கிக்கொண்டதாகவே தொடக்க மாணவர் எண்ணிவிடுகின்றார். ஆயின் தொழினுட்பம் பெயர்ச்சொற்களிலே தங்கியிருப்பதில்லை.

உலோகத்தகட்டு முறையிற் பயன்படும் நைத்திரிக்கமிலத்தை நீர்கலக்கும் வேளையை எடுத்துக்கொள்வோம். செறிந்த அமிலத்தை நீருக்குள்ளே சிறிது சிறிதாக ஊற்றவேண்டும். நீரை அமிலத்துள் ஊற்றினால் அது சூடேறித் தெறித்து முகத்தையும் கண்ணையும் தாக்கும். சிங்களத்திலே 'அம்லய வதுரட' என்பது பாதுகாப்பு. 'வதுர அம்லயட' என்பது ஆபத்து. இரண்டு தொடர்களிலும் பெயர்கள் அவையே. எந்தப் பெயரின் ஈற்றில் 'ட' என்னும் ஓரெழுத்து உருபு ஒட்டுகின்றது என்பதே விபத்தையும் வேலையையும் பிரிக்கும் கோடாகும். இரு பெயரையும் கேட்டுத் தலையசைத்த மாணவர் அந்த ஓரெழுத்தைத் தவறவிட்டிருந்தால், அதை அறிந்துகொள்ள ஆசிரியருக்கு வழியில்லை. ஓவியத்துக்கு மொழியில்லை என்போர் அமிலத் தொட்டியின் அருகே ஒரு நாளேனும் நின்று பார்த்தல் நன்று.

இது ஓர் எல்லைநிலை. நாளாந்த வேலையிலும் இடர் இதுவே. 'இன்னும் மெல்லிதாக', 'அவ்வளவு ஆழம் வேண்டாம்', 'மை இறுகும்வரை பொறு', 'தாளின் ஈரம் போதாது' என்னும் அளவுக் குறிப்புகளே அச்சோவியக் கல்வியின் உயிர். ஊவாவின் காலநிலை இவ்வளவுகளை மேலும் நுட்பமாக்குகின்றது. ஆடி ஆவணியிற் கச்சான் காற்று வீசும்போது ஈரத்தாள் விரைவிற் காய்ந்துவிடும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் எண்ணெய் மை நாட்கணக்கில் உலராது கிடக்கும். அப்புத்தளை, பண்டாரவளைக் குளிரிலே லினோ விறைத்து உளிக்கு இடங்கொடாது. வெயிலிற் சிறிது வைத்து இளக்கியே வெட்டவேண்டும். எந்த ஆங்கில நூலும் பதுளை மாணவருக்கென இவற்றைச் சொல்லித்தரப்போவதில்லை.

தோட்டப்புற மக்களுக்கு அச்சுடன் உள்ள உறவை வரலாற்றிலே வைத்து நோக்கும்போது பிரச்சினையின் மறுபக்கம் புலப்படும். அச்சு அவர்களுக்குப் புதிதன்று; அவர்கள்மீது அது நெடுங்காலமாகப் பதிந்தே வந்திருக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து கடல்கடந்து வந்த தொழிலாளருக்குத் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகரவில்லை அளிக்கப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்பவனின் கடனைக் குறித்த 'துண்டு' முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை அவனது கால்களைக் கட்டியிருந்தது. சம்பளப் பட்டியலிலே அவன் பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றினான். மேடான ரேகைகள் மையேற்றுப் பதிகின்றமையால், தொழினுட்ப நோக்கிலே கைநாட்டு என்பது மரவெட்டுக்கு ஒப்பான அச்சேயாகும். தன் உடலையே பலகையாக்கித் தான் வாசிக்க முடியாத ஒரு மொழியின் கீழே ஒற்றிய அச்சு அது. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பகுதியிலே தம்பதென்னைத் தோட்டத்தை வாங்கினார். கூடை சுமந்த பெண்ணின் உருவம் அவரது நிறுவன விளம்பரங்களில் அச்சேறிப் பலநாடுகளுக்கும் சென்றது. அப்பெண் அச்சிடப்பட்டாள், அச்சிடவில்லை.

தோட்டத்து ஸ்டோரிலும் ஓர் அச்சுத்தொழில் நெடுங்காலம் நடந்தது. ஏற்றுமதிக்குரிய மரப்பெட்டிகளின் பக்கங்களிலே தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், தொகுதி இலக்கம், நிறை என்பன ஸ்டென்சில் தகட்டின் வழியே மையால் எழுதப்பட்டன. பெட்டிகளின் இடத்தைக் கடதாசிப் பைகள் பிடித்துக்கொண்ட பின்னர் அக்காட்சி அருகிவிட்டதெனினும், நமது வினாவுக்கு அதனினும் சிறந்த உவமை கிடைப்பது அரிது. ஸ்டென்சிலில் எழுத்தின் வடிவம் தகட்டிலிருந்து வெட்டி நீக்கப்பட்டிருக்கும். தகட்டைப் பலகையின்மீது வைத்துத் தூரிகையால் மையைத் தட்டினால் எழுத்து நேராகவே விழும். இடவல மாற்றம் இல்லை. ஆங்கில எழுத்துச் சிலவற்றின் நடுவிலுள்ள தீவுகள் உதிர்ந்துவிடாதிருக்கச் சிறு பாலங்களை விட்டுவைக்கவேண்டும். ஊவா என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் அதன் மூன்றாம் எழுத்துக்கே அத்தகைய பாலம் வேண்டும். ஆனால் இவை யாவும் தகட்டை வெட்டியவனின் கவலைகள். மை தட்டுபவனுக்கு இவற்றுள் எதுவும் தெரியவேண்டியதில்லை; அவ்வெழுத்தை வாசிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்பதுங்கூட இல்லை. நூறு பெட்டிகளிலே பிழையற ஆங்கிலம் பதித்தவன் ஆங்கில எழுத்து ஒன்றையேனும் அறியாதவனாயிருந்திருக்கலாம்.

மரவெட்டு இதற்கு நேர்மாறானது. பலகையில் உள்ளது தாளிலே இடம்வலமாகத் திரும்பும். 'பதுளை' என்னும் ஊர்ப்பெயரைச் செதுக்க முனைபவர் ளகரத்தை முதலிலும், அதற்கு முன் நிற்கவேண்டிய ஐகாரக் குறியை அதன் பின்னும், 'து'வை மூன்றாவதாகவும், யாவற்றையும் முகந்திருப்பி வெட்டவேண்டும். இறுதியாக வரும் பகரம் ஒன்றே ஏறக்குறைய உருமாறாது நிற்கும். ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கோப்பாளர் இத்திருப்பு வாசிப்பிலே தேர்ந்தவராயிருந்தனர். தான் வெட்டுவது இன்னதென்று அறியாதவர் மரவெட்டிலே ஓரெழுத்தையும் ஒழுங்காக நிறுத்தமுடியாது.

அரைகுறையாக அறிந்த மொழியிலே நடைபெறும் கல்வி பெரும்பாலும் ஸ்டென்சிற் கல்வியாக முடிவதே இங்குச் சுட்டவேண்டிய குறை. ஆசிரியரின் கையையும் அயல் மாணவரின் பலகையையும் பார்த்து, படிகளை அவ்வரிசையிலேயே பின்பற்றி, கண்ணுக்கு அழகான ஓர் அச்சை எடுத்துவிடலாம். அதற்குப் புள்ளியும் கிடைக்கும். ஆனால் அடுத்த அச்சிலே கோடுகள் மையால் மூடுண்டு போனால், மை மிகுந்ததா, அழுத்தம் மிகுந்ததா, வெட்டு ஆழமற்றதா என்று பகுத்துப் பார்க்கக் காரணச் சொற்கள் வேண்டும். அவை இல்லாதபோது மாணவர் பேசாதிருந்துவிடுகின்றார். அம்மௌனம் திறமையின்மை என்று மதிப்பிடப்படுகின்றது. தோட்டப்புறத்திலிருந்து வந்தவருக்கு இம்மதிப்பீடு புதிதுமன்று.

மொழி தெரியாதவருக்கு இக்கலையைக் கற்பிக்கவே முடியாதா என்ற கேள்விக்கு 1931ஆம் ஆண்டின் ஷங்ஹாய் நகரம் விடை தருகின்றது. அவ்வாண்டு ஓகஸ்ற் 17 முதல் 22 வரை ஆறு நாட்கள், இளம் சீன ஓவியர் பதின்மூவருக்கு மரவெட்டு வகுப்பு ஒன்றை எழுத்தாளர் லூ சுன் நடத்துவித்தார். கற்பித்தவர் உச்சியாமா ககிச்சி என்னும் ஜப்பானியர். ஷங்ஹாயிலே புத்தகக்கடை நடத்திய உச்சியாமா கன்சோவின் தம்பி. விடுமுறைக்கு வந்திருந்த ஓவிய ஆசிரியர். மாணவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஆசிரியருக்குச் சீன மொழி தெரியாது. ஜப்பானிலே மருத்துவம் பயின்று இடைநிறுத்தியவரான லூ சுன் ஆறு நாட்களும் அருகே நின்று மொழிபெயர்த்தார்.

இந்நிகழ்ச்சியிலே கவனிக்கத்தக்கவை பல. 'மரவெட்டோவியம்' என்பதற்கும் 'அச்சோவியம்' என்பதற்கும் சீனமும் ஜப்பானியமும் ஒரே எழுத்துக்களையே வழங்கின; ஒலி மாத்திரம் வேறு. சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே நாம் கண்ட பெயர்ச்சொல் உறவு அங்கும் இருந்தது. ஆயினும் லூ சுன் அவ்வுறவை நம்பி ஒதுங்கியிருக்கவில்லை. நாட்டின் முதன்மையான உரைநடையாசிரியர் ஒருவர் உளிபிடிக்கும் முறையை வாக்கியம் வாக்கியமாகத் தம்மொழியிலே சொல்லிக்கொண்டு நின்றார். தமது சேகரிப்பிலிருந்த பிறநாட்டு அச்சோவியங்களையும் கொண்டுவந்து காட்டினார். சீனத்திலே மரவெட்டு தொன்மையானது. ஆயின் வரைபவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர், ஒற்றுபவர் ஒருவர் என்று அது பிரிந்துகிடந்தது. மூன்றையும் ஒருவரே செய்யும் புதிய முறையே அவ்வறையிற் கற்பிக்கப்பட்டது. பெட்டியில் மை தட்டியவனுக்கும் தகட்டை வெட்டியவனுக்கும் இடையிலான பிரிவினை அங்கே உடைந்தது எனலாம்.

மற்றொன்று. வகுப்பு முடிந்து ஒரு மாதம் நிறைவதற்குள், செப்ரெம்பர் 18இல், ஜப்பானியப் படை மஞ்சூரியாவைத் தாக்கியது. ஜப்பானியர் ஒருவரிடம் கற்ற அக்கலை பின்னர் அதே ஆக்கிரமிப்புக்கு எதிரான சுவரொட்டியாகவும் துண்டுப்பிரசுரமாகவும் சீனமெங்கும் பரவியது. அயல்மொழியிற் கற்பது அடிமைப்படுவதாகும் என்னும் அச்சம் நம்மிடையே உண்டு. 1956ஆம் ஆண்டின் மொழிச்சட்டத்தையும் 1983 ஆடியிலே பதுளை கண்ட தீயையும் நினைப்பவர் அவ்வச்சத்தை எளிதில் ஏளனஞ் செய்யமாட்டார். எனினும் ஷங்ஹாய் மாணவர் கற்றது ஆசிரியரின் மொழிக்குப் பணிந்தன்று. தம் மொழியிலே வினா எழுப்பி விடை பெற்றே கற்றனர். லூ சுன் கேத்தே கொல்விற்ஸின் அச்சோவியங்களைத் தொகுத்து 1936இல் வெளியிட்டார். அவ்வாண்டு ஒக்ரோபர் 8இல் இளம் மரவெட்டுக் கலைஞரின் கண்காட்சிக்கு நோயோடு சென்று அவர்களுடன் உரையாடினார். பதினொரு நாட்களின் பின் மறைந்தார்.

தேயிலைத் தோட்டம் அச்சோவியத்துக்குப் பொருளாகியமையை நோக்குவோர் வங்கத்துச் சோம்நாத் ஹோரை (1921–2006) விட்டுச் செல்லவியலாது. 1946இல் தெபாகா உழவர் போராட்டத்தை நாட்குறிப்பும் கோட்டுருவமுமாகப் பதிவுசெய்த அவர், 1947இல் வடவங்கத்துத் தூவார்ஸ் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்று அங்குள்ள தொழிலாளரை வரைந்தார். அத்தொழிலாளருட் பெரும்பாலோர் சோட்டா நாகபுரிப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட பழங்குடியினர். வங்கமொழி அவர்களது தாய்மொழியன்று. ஹோரின் ஈடுபாடு ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் அவர் வெளியிலிருந்து வந்தவர்; வரையப்பட்டவர் உளியைப் பிடிக்கவில்லை. அவ்வகையில் லிப்டனின் விளம்பரத்துக்கும் இந்நாட்குறிப்புக்கும் நோக்கிலே மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு இருப்பினும், யார் வெட்டினார் என்னும் வினாவுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே விடையையே தருகின்றன. இதைக் கூறுவது ஹோரைக் குறைப்பதாகாது. அவரே 1970களில் மையை அறவே நீக்கி, வெண்கூழ்த்தாளிலே வடுக்களை மாத்திரம் நிறுத்திய 'காயங்கள்' வரிசையைப் படைத்தார். கைநாட்டுப் பட்டியல்களின் வழிவந்தவர் அவ்வெண்தாள்களைப் பார்ப்பாராயின், விமரிசகர் எவரும் காணாத ஒன்றைக் காணக்கூடும்.

கலைச்சொல் ஆக்கத்துக்கு இனி வருவோம். தமிழிற் கற்பிப்பதென்றால் முதலிற் சொற்றொகுதி ஒன்று வேண்டும், அதுவும் தூய தமிழில் வேண்டும் என்னும் நிலைப்பாடு கற்றோரிடையே வலிமையுடையது. சொற்றொகுதி வேண்டாமென்று எவரும் கூறார். ஆயின் மேசையிலிருந்து பிறந்த சொல் பட்டறையிலே நிலைப்பதில்லை. தோட்டப்புறத் தமிழின் வரலாறே இதற்குச் சான்று. அணிவகுப்பைக் குறித்த ஆங்கிலச் சொல் 'பெரட்டு' ஆகிக் காலைக் கொம்பொலியோடு கலந்துவிட்டது. வெள்ளையரின் பதிவேடு 'செக்ரோல்' ஆகி, 'பேர் போடுதல்' என்னும் தமிழ்த் தொடரையும் ஈன்றது. படைப்பயிற்சியைக் குறித்த உருதுச் சொல்லின் வழிவந்ததென்று கூறப்படும் 'கவ்வாத்து' தேயிலைச் செடியைத் தறிக்கும் வேலைக்குப் பெயராயிற்று. இவற்றை எக்குழுவும் ஆக்கவில்லை. பிறமொழி ஏவல்களின் கீழ் வேலைசெய்த கைகளே இவற்றைத் தமிழாக்கின.

கவ்வாத்து என்னும் சொல் அச்சோவியத்துக்கு மிக அண்மையிலும் நிற்கின்றது. கத்தியின் வெட்டு சாய்வாக விழவேண்டும் என்பது கவ்வாத்துக்காரன் அறிந்த பாடம். வெட்டுவாயில் நீர் தங்கக்கூடாது. லினோவிலும் மரத்திலும் கோட்டின் இருமருங்கும் அடிநோக்கி விரிந்த சாய்வாகவே வெட்டவேண்டும். அடியைக் குடைந்தால் அழுத்தம் தாங்காது கோடு முறிந்துவிடும். எதை நீக்குவது என்பதிலும் எதை விட்டுவைப்பது என்பதே முதன்மையானது என்னும் கருத்து இரு தொழிலுக்கும் பொது. கொழுந்தெடுக்கும் மட்டத்தைக் காக்கும் மட்டக்கம்பை அறிந்த பிள்ளைக்கு, பலகையின் மேற்பரப்பு ஒரே மட்டமாக நின்று மையேற்கவேண்டும் என்பதை விளக்க ஒரு வாக்கியம் போதும். அவ்வாக்கியம் அவளது தமிழில் இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. யாழ்ப்பாணத்து வழக்கிலோ சென்னைப் பாடநூல் வழக்கிலோ அன்று.

தோட்டப்புறப் பேச்சு எழுத்துக்கு ஆகாது என்று கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. கோ. நடேசையரும் மீனாட்சியம்மாளும் பத்திரிகையும் பாட்டுப் புத்தகமும் அச்சிட்டுத் தொழிலாளரிடையே கொண்டுசென்றனர். சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய தமது கவிதையை ஆங்கிலத்திலே எழுத, ஓவியருமான சக்தீ அ. பால ஐயா அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தம் மக்களைப் பற்றிய படைப்பு அம்மக்களிடம் மொழிபெயர்ப்பாகவே வந்துசேர்ந்தது. பதுளை மாவட்டத்திலே 1934இற் பிறந்த தெளிவத்தை ஜோசப் 1974இல் 'காலங்கள் சாவதில்லை' நாவலை வெளியிட்டபோது லயத்துப் பேச்சு நாவலுக்கு உரியதா என்னும் வினா பெருமளவு ஓய்ந்துவிட்டது. பட்டறையில் அவ்வினா ஓயவில்லை. அங்கே தோட்டத்துச் சொல்லைக் கூறும் மாணவர் இன்னமும் நகைப்புக்கு அஞ்சுகின்றார்.

இந்நிலையில் வேண்டப்படுவது தனிப் பீடமோ பெருநூலோ மாத்திரமன்று. வெண்டிக்காயை நறுக்கி வண்ணத்தில் தோய்த்து ஒற்றும் பயிற்சியோடு தொடக்க வகுப்பிலே அச்சுக்கலையை அறிமுகப்படுத்தும் ஆசிரியர் நாடெங்கும் உளர். பசறையிலோ தெமோதரையிலோ உள்ள அத்தகைய ஆசிரியர் ஒருவர், காய் ஏன் வெட்டியவாறே பதியாமல் திரும்பிப் பதிகின்றது என்று பிள்ளைகளையே சொல்லவைப்பாராயின், பிற்காலத்துக் கொழும்புப் பட்டறைக்குரிய முதற் காரண வாக்கியம் அங்கே உருவாகிவிடும். கண்ணாடித் தட்டிலே உருளையால் மையைப் பரப்பும்போது மை மிகுந்தால் பிசுபிசுத்த ஒலி எழும். அளவு சரியாயின் பட்டுச்சேலை உரசுவதுபோன்ற மெல்லிய சீறல் கேட்கும். இவ்வொலியை எம்மொழியிலும் எழுதிவைக்க முடியாது. அருகே நின்று, 'கேட்டியா, இப்பதான் சரி' என்று ஒருவர் சொல்லவேண்டும்.